மாலத்தீவை இப்படி ஆக்கியது யார்? டிக்கெட் போட வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் பயண ஏற்பாட்டு வேலையில் இருக்கிறேன். மாலத்தீவு என்று பேச்சு எடுத்தால், விலை விசாரித்த கையோடு வேறு சந்தேகங்களும் வரும். தீவுக்கு ஒரே ரிசார்ட் ஏன், ஒரே அறைக்கு ஆளுக்கொரு விலை ஏன், 2024-இல் இந்தியாவோடு வந்த சண்டைக்கு அப்புறம் என்ன ஆயிற்று, தீவு மூழ்கிவிடுமாமே என்று. போனில் அவசரமாகச் சொல்லும் பதில் யாருக்கும் போதுவதில்லை. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசிய மாதிரியே விட்டிருக்கிறேன்.

அந்தத் தீவுகள் இன்று இருக்கும் விதத்துக்குக் கடலும் மணலும் பாதிக் காரணம். அங்கே ஆட்களைக் கூட்டிப் போனவர்கள் அறைகளை எப்படி வாங்கி விற்றார்கள் என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைத்தான் யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

மாலத்தீவுன்னா ஒரே ஊரா, பல தீவா? போட்டோல வர்ற இடம் எங்க இருக்கு?

பல தீவு. கிட்டத்தட்ட 1,190 பவளத் தீவுகள் வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் சிதறிக் கிடக்கின்றன. மக்கள் குடியிருப்பது 200-க்கும் குறைவான தீவுகளில். தலைநகர் மாலே ஒரு தனித் தீவு. விமான நிலையம் பக்கத்தில் உள்ள ஹுல்ஹுலே தீவில் இருக்கிறது. 2018-இல் பாலம் வந்து இரண்டும் இணைந்தன.

போட்டோவில் வருவது பெரும்பாலும் இவை இல்லை, வேறு வகைத் தீவு. ஊரே இல்லாத ஒரு தீவை அரசிடம் நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து, அதில் ரிசார்ட் கட்டுகிறார்கள். அப்படி 170-க்கும் மேல் இருக்கின்றன. மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ்கள் தனி. ரிசார்ட் தீவு, ஊர்த் தீவு என்ற இந்தப் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல இடங்களில் இது வரும்.

டூர் ஆபரேட்டர், டிராவல் ஏஜென்ட் ரெண்டும் ஒண்ணுதானே?

சின்ன ஊர்களில் ஒரே ஆள் இரண்டு வேலையையும் செய்வதால் அப்படித் தோன்றுகிறது. டூர் ஆபரேட்டர் என்பவர் அறை, விமான இருக்கை, படகு எல்லாவற்றையும் முன்கூட்டியே மொத்தமாகப் பேசி வைத்து, ஒரு பேக்கேஜாகக் கட்டுபவர். ஏஜென்ட் அதைச் சில்லறையாக விற்பவர். இவர்கள் போக, மாலேயில் உட்கார்ந்து விமான நிலையத்தில் ஆளை வரவேற்றுப் படகில் ஏற்றிவிடும் உள்ளூர் ஏற்பாட்டாளர்களும் உண்டு. ஒரு இடத்தின் போக்கை மாற்றும் பலம் இவர்களில் முதல் ஆளுக்குத்தான் அதிகம். நூற்றுக்கணக்கான அறைகளை யாருக்கு, எந்த மாதம் விற்பது என்று முடிவு செய்பவர் அவர்.

இந்த டூரிசம் எப்ப ஆரம்பிச்சுது? மொதல்ல யார் போனாங்க?

1972-இல். அதற்கு முன் வந்து பார்த்த ஐ.நா. வல்லுநர்கள், இங்கே சுற்றுலா சரிப்பட்டு வராது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒழுங்கான விமான சேவை இல்லை, வெளிநாட்டுக்குப் பேசத் தொலைபேசி இல்லை, வங்கி இல்லை. நம் ஸ்டேட் பாங்க் அங்கே கிளை திறந்ததே 1974-இல்தான்.

ஜார்ஜ் கோர்பின் என்ற இத்தாலியப் பயண ஏற்பாட்டாளர் ஆள் படாத தீவு தேடி அலைந்துகொண்டிருந்தார். கொழும்பில் மாலத்தீவுத் தூதரகத்தில் வேலை பார்த்த அகமது நசீம் என்ற இளைஞரைச் சந்தித்தார். 1972 பிப்ரவரியில் இருபது பேருக்குச் சற்று மேற்பட்ட இத்தாலியர்களைக் கூட்டி வந்தார். பத்திரிகையாளர்களும் புகைப்படக்காரர்களும் அதில் இருந்தார்கள். தங்க ஹோட்டல் கிடையாது, மாலேயில் வீடுகளில் தங்க வைத்தார்கள். வந்தவர்களுக்கு இடம் பிடித்துப்போக, முகமது உமர் மணிக்குவும் நண்பர்களும் சேர்ந்து அதே ஆண்டு அக்டோபரில் 30 அறைகளோடு குரும்பா என்ற முதல் ரிசார்ட்டைத் திறந்தார்கள். பவளக் கல் சுவர், தென்னங்கீற்றுக் கூரை. அந்த ஆண்டு முழுக்க வந்தவர்கள் சுமார் ஆயிரம் பேர். 2024-இல் 20 லட்சத்தைத் தாண்டினார்கள்.

இதில் வரிசையைக் கவனியுங்கள். ஆள் கொண்டுவருபவர் முதலில் வந்தார், ஹோட்டல் அப்புறம் வந்தது.

தீவுக்கு ஒரே ஒரு ரிசார்ட் ஏன்? வெளிய போய் சாப்பிட ஒரு கடைகூட இல்லையே?

மூன்று பேருக்கு இது வசதியாக அமைந்தது. ஊரே இல்லாத தீவில் மின்சாரம், குடிநீர், கழிவு எல்லாவற்றையும் ரிசார்ட்டே பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெனரேட்டர் ஓட்டி, கடல்நீரைக் குடிநீராக்கும் செலவை ஒரே முதலாளி ஏற்கத் தீவு முழுக்க அவர் கையில் இருந்தாக வேண்டும். அரசுக்கு வேறு கணக்கு. நூறு சதவீத முஸ்லிம் நாடு. மதுவும் நீச்சலுடையும் ஊர்த் தீவுக்குள் வராமல், டாலர் மட்டும் வந்தால் நல்லது என்று 1980-களில் வெளிநாட்டவர் தங்குவதை ரிசார்ட் தீவுகளோடு நிறுத்தினார்கள்.

மூன்றாவது ஆள் டூர் ஆபரேட்டர். சாப்பாடு, படகு, அறை எல்லாம் ஒரே விலையில் அடங்கிய பேக்கேஜை விற்பது அவருக்கு மிகவும் சுலபம். போன இடத்தில் விருந்தாளி வேறு எங்கும் செலவழிக்க வழியே இல்லை என்றால், பேச வேண்டியது ஒரே ஒரு ரிசார்ட்டோடுதான். அதனால்தான் அங்கே எல்லா விலையும் 'அரை போர்டு' (இரண்டு வேளைச் சாப்பாடு), 'ஃபுல் போர்டு' (மூன்று வேளை), 'ஆல் இன்க்ளூசிவ்' (பானங்களும் சேர்த்து) என்றே வருகிறது.

இந்த முறையில் நல்லதும் உண்டு. கட்டடம் தென்னை மரத்தைத் தாண்டி உயரக் கூடாது, தீவின் பரப்பில் குறிப்பிட்ட பங்குக்கு மேல் கட்டக் கூடாது என்றெல்லாம் விதி வைத்தார்கள். ஒரு தீவுக்கு ஒரே பொறுப்பாளி என்பதால் அவற்றை ஓரளவு அமல்படுத்தவும் முடிந்தது. ஆனால் பக்கத்துத் தீவில் மீன் பிடிக்கிறவரின் வீட்டுக்கு அந்தப் பணம் நேராகப் போய்ச் சேர வழியில்லாமல் போனது. அந்த நிலை சுமார் கால் நூற்றாண்டு நீடித்ததை நான் பெரிய அநியாயமாகத்தான் பார்க்கிறேன்.

சார்ட்டர் ஃப்ளைட் வந்ததால என்ன மாறிச்சு?

1981-இல் ஹுல்ஹுலே ஓடுபாதை பெரிதாகி, சர்வதேச விமான நிலையம் ஆனது. அதுவரை பெரும்பாலும் கொழும்பு வழியாகத்தான் வர வேண்டும். அதன் பிறகு ஐரோப்பாவிலிருந்து முழு விமானத்தையே வாடகைக்கு எடுத்து டூர் ஆபரேட்டர்கள் நேராக அனுப்ப ஆரம்பித்தார்கள். முழு விமானம் எடுத்தால் முழுக்க நிரப்ப வேண்டும். நிரப்புகிறவர்களுக்கு மொத்தமாக அறை வேண்டும். விமானம் வாரத்துக்கு ஒரு முறை வந்தால் விருந்தாளியும் 7 இரவு அல்லது 14 இரவுதான் தங்குவார். ரிசார்ட்டின் சமையல், ஆள் வேலை, படகு நேரம் எல்லாமே அந்த ஒரு நாளைச் சுற்றி அமைந்தன. இத்தாலியர் தீவு, ஜெர்மன் டைவர்கள் தீவு என்று ரிசார்ட்டுகள் பிரிந்ததும் இதனால்தான்.

முதலில் கட்டிய ரிசார்ட்டுகள் எல்லாம் விமான நிலையத்தைச் சுற்றி, படகு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. 1990-களில் தண்ணீரிலேயே இறங்கும் சின்ன விமானமான சீப்ளேன் பரவிய பிறகுதான் தூரத்துத் தீவுக்கூட்டங்கள் விற்பனைக்கு வந்தன. அப்புறம் துபாய், தோஹா வழியாகத் தினசரி விமானங்கள் பெருகின. ஏழு இரவு கட்டாயம் தளர்ந்தது. நம் ஆட்கள் மூன்று இரவு, நான்கு இரவு என்று போக முடிவது அதனால்தான்.

ஒரே ரூம், ஒரே தேதி. ஒரு ஏஜென்ட் ஒரு விலை சொல்றார், இன்னொருத்தர் வேற விலை. யார் ஏமாத்துறாங்க?

பெரும்பாலும் யாரும் ஏமாற்றவில்லை. எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

ரிசார்ட் தன் அறைகளை ஒரே விலைக்கு வைத்திருப்பதில்லை. வருஷத்துக்கு முன்பே டூர் ஆபரேட்டர்களோடு ஒப்பந்தம் போடுகிறது. ஒரு ஆபரேட்டருக்கு, பேச்சுக்கு, தினம் 10 அறை ஒதுக்குகிறது என்று வையுங்கள். இதற்கு அலாட்மென்ட் என்று பெயர். வருகைக்கு இத்தனை நாள் முன்பு வரை விற்கவில்லை என்றால் அறை ரிசார்ட்டுக்கே திரும்பிவிடும். அதுதான் ரிலீஸ் தேதி. இன்னும் துணிச்சலான ஆபரேட்டர், விற்றாலும் விற்காவிட்டாலும் பணம் தருகிறேன் என்று கேரண்டி கொடுத்து மிகக் குறைந்த விலைக்கு வாங்குவார். அவர் கையில் இருக்கும் அறையும், அன்றன்றைக்குக் கேட்டு வாங்கித் தரும் ஏஜென்ட்டின் அறையும் ஒரே விலையாக இருக்க முடியாது.

இதற்கு மேல், நாட்டுக்கு நாடு விலை வேறு. ரிசார்ட் அனுப்பும் விலைப்பட்டியலின் தலைப்பிலேயே 'இந்திய மார்க்கெட்', 'வளைகுடா மார்க்கெட்' என்று போட்டிருக்கும். இந்திய விலைக்குப் பதிவு செய்துவிட்டு வேறு நாட்டு பாஸ்போர்ட்டோடு போய் நின்றால், வித்தியாசத்தைக் கட்டச் சொல்ல ரிசார்ட்டுக்கு உரிமை உண்டு. சிங்கப்பூரில் குடியுரிமை வாங்கிய மகன், சென்னையில் இருக்கும் அப்பா அம்மாவோடு சேர்ந்து போகிற குடும்பங்கள் இதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

அறை தீர்ந்துகொண்டு வந்தால் ரிசார்ட்டிலிருந்து 'ஸ்டாப் சேல்' என்று ஒரு வரி மெயில் வரும். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இன்ன வகை அறை விற்க வேண்டாம் என்பது அதன் பொருள். காலையில் நான் சொன்ன விலை சாயங்காலம் இல்லாமல் போவது அந்த மெயிலால்தான்.

ஆன்லைன்ல கம்மியா காட்டுது, கடைசில ஏன் இப்படி எகிறுது?

வரிகள். சுற்றுலாவுக்கான ஜி.எஸ்.டி. 2025 ஜூலை முதல் 17 சதவீதம். அதோடு 10 சதவீதம் சேவைக் கட்டணம். கிரீன் டாக்ஸ் என்ற சுற்றுச்சூழல் வரி தனி: 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், ஊர்த் தீவில் 50 அறைக்குக் குறைந்த கெஸ்ட் ஹவுஸில் 6 டாலர். இரண்டு பேர் நான்கு இரவு ரிசார்ட்டில் தங்கினால் கிரீன் டாக்ஸ் மட்டும் 96 டாலர். அதற்கு மேல் ஸ்பீட்போட் அல்லது சீப்ளேன் கட்டணம். சீப்ளேன் என்றால் ஒருவருக்குப் போகவர நூற்றுக்கணக்கான டாலர் ஆகும்.

வெளிநாட்டவர் மாலேயிலிருந்து கிளம்பும்போது கட்ட வேண்டிய விமான நிலைய வரிகளும் 2024 டிசம்பரில் ஏறின. அது டிக்கெட் விலையிலேயே அடங்கிவிடும், தனியாகக் கட்ட வேண்டாம். இந்தியாவில் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். என்று முன்கூட்டியே ஒரு வரி பிடிப்பார்கள். அதை உங்கள் வருமான வரிக் கணக்கில் காட்டிச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

சாயங்கால ஃப்ளைட் சீப்பா இருக்கு, எடுக்கலாமா?

ஸ்பீட்போட் ரிசார்ட் என்றால் எடுக்கலாம். சீப்ளேன் ரிசார்ட் என்றால் வேண்டாம். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பிற்பகல் மூன்றரை, நான்கு மணிக்கு மேல் இறங்கினால் அன்றிரவு மாலேயிலோ, விமான நிலையத்தை ஒட்டிய ஹுல்ஹுமாலே தீவிலோ தங்க வேண்டிவரும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும்.

கெஸ்ட் ஹவுஸ்னு ஒண்ணு இருக்காமே, முன்னாடி ஏன் யாரும் சொல்லல?

முன்பு அனுமதியே இல்லை. காரணம் நான்காவது கேள்வியில் இருக்கிறது. 2008-இல் பல கட்சித் தேர்தல் நடந்து ஆட்சி மாறிய பிறகு, ஊர்த் தீவுகளிலும் வெளிநாட்டவர் தங்கலாம் என்று விதி தளர்ந்தது. மாஃபுஷி தீவில் 2010 வாக்கில் முதல் கெஸ்ட் ஹவுஸ் வந்தது. இன்று நாடு முழுக்க 800-க்கும் மேல்.

மாஃபுஷியைப் போய்ப் பார்த்தால் இரண்டு உலகம் ஒரே தெருவில் தெரியும். கரையில் ஒரு பகுதியை மட்டும் கீற்றுத் தட்டி வைத்து மறைத்து, நீச்சலுடைக் கடற்கரை என்று ஒதுக்கியிருக்கிறார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். ஊருக்குள் மது கிடையாது. வேண்டும் என்பவர்களை ஒரு சின்னப் படகு வந்து, எட்ட நிற்கும் கப்பலுக்குக் கூட்டிப் போகிறது. ஊர்க்காரர் தன் வீட்டு மாடியில் நாலு அறை எடுத்துக் கட்டி, இணையதளத்தில் தானே விற்கிறார். அலாட்மென்ட்டும் வேண்டாம், சார்ட்டரும் வேண்டாம். ஆன்லைன் புக்கிங் வந்திருக்காவிட்டால் வெறும் சட்டத் திருத்தம் மட்டும் இவர்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்காது.

இப்போது அங்கேயும் ஹோட்டல்கள் பல மாடி ஏறிவிட்டன. ஒரு சின்னத் தீவு இத்தனை பேருக்குத் தண்ணீரும் குப்பை இடமும் எங்கிருந்து தரும் என்ற கவலை நியாயமானது.

எந்த நாட்டுக்காரங்க அதிகம் வர்றாங்களோ அதுக்கேத்த மாதிரி ரிசார்ட் மாறுமா?

மாறும், அதுவும் வேகமாக. 2010-இல் பிரிட்டனைத் தாண்டிச் சீனா முதலிடம் வந்தது. 2014-இல் மூன்றரை லட்சத்துக்கும் மேல் சீனர்கள் வந்தார்கள். அவர்கள் கடற்கரையில் கிடந்து வெயில் காய வரவில்லை. குழுவாக வந்து, குறைந்த நாள் தங்கி, படம் எடுத்துக்கொண்டு, சூடான சாப்பாடு கேட்டார்கள். 2013-இல் ஒரு ரிசார்ட், சீன விருந்தாளிகள் அறையிலேயே நூடுல்ஸ் செய்கிறார்கள் என்று வெந்நீர்க் கெட்டில்களை எடுத்துவிட்டதாகச் சீன இணையத்தில் புகார் பரவி, மாலத்தீவையே புறக்கணிக்கச் சொல்லும் அளவுக்குப் போனது. அதன் பிறகு கெட்டில் மட்டும் இல்லை, மாண்டரின் பேசும் வரவேற்பாளரும் சீனச் சமையல்காரரும் பல இடங்களில் வந்துவிட்டார்கள்.

நம் ஆட்கள் பெருகியபோது ஜெயின் சாப்பாடு, தனி வெஜ் கவுன்ட்டர், இந்தியச் சமையல்காரர் எல்லாம் வந்தன. விலைப்பட்டியலில் 'ஹனிமூன் சலுகை' என்ற வரி தடித்தது. நீருக்கு மேல் நிற்கும் வில்லாக்கள் பெருகியதிலும் போட்டோ எடுக்க வரும் சந்தைகளுக்குப் பங்கு உண்டு. டைவிங்குக்கு வந்த பழைய ஜெர்மானியருக்கு அறை எப்படி இருந்தாலும் சரி, பவளப் பார் நன்றாக இருந்தால் போதும்.

சுனாமி, கொரோனா எல்லாம் வந்தும் எப்படி எழுந்தாங்க?

2004 டிசம்பர் 26 சுனாமியில் 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊர்த் தீவுகள் சில திரும்பக் குடியேற முடியாத அளவுக்கு அழிந்தன. அந்த ஆண்டு 6.16 லட்சமாக இருந்த பயணிகள் எண்ணிக்கை 2005-இல் 3.95 லட்சமாக விழுந்தது. சேதமே இல்லாத ரிசார்ட்டுகளும் காலியாகக் கிடந்தன.

கொரோனாவில் கதை வேறு. 2020 மார்ச் கடைசியில் எல்லையை மூடினார்கள், ஜூலை 15-இல் திறந்துவிட்டார்கள். தீவுக்கு ஒரு ரிசார்ட் என்ற பழைய ஏற்பாடு அப்போது கைகொடுத்தது. ஒரு தீவில் வருகிறவர், வேலை செய்கிறவர் எல்லாரையும் தனியே வைத்துப் பரிசோதிக்க முடியும். ஐரோப்பா அடைந்து கிடந்தபோது இந்தியாவிலிருந்து விமானம் கிடைத்தது. 2021-இல் சுமார் 2.9 லட்சம் இந்தியர்கள் போனார்கள். 2020 முதல் 2023 வரை நாம்தான் முதலிடம். சினிமா நட்சத்திரங்கள் அங்கிருந்து படம் போட்டதும், ஆபரேட்டர்கள் மூன்று இரவு பேக்கேஜைத் தள்ளி விற்றதும் அந்தச் சமயத்தில்தான்.

2024-ல நாம போறதை நிறுத்தினோமே, மாலத்தீவு படுத்துதா?

நாடாகப் பார்த்தால் இல்லை. 2024 ஜனவரியில் பிரதமர் மோடி லட்சத்தீவு போய்வந்து படங்கள் போட்டார். மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூவர் அவரை இழிவாக எழுதினார்கள், பதவியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்கள். ஈஸ்மைட்ரிப் என்ற இந்தியப் பயண முன்பதிவு நிறுவனம் மாலத்தீவு விமான முன்பதிவை நிறுத்தியது. திரும்பத் திறக்கும்படி மாலத்தீவின் டிராவல் ஏஜென்ட்கள், டூர் ஆபரேட்டர்கள் சங்கம் அதற்குக் கடிதம் எழுதியது. 2023-இல் 2.09 லட்சமாக இருந்த இந்தியர் எண்ணிக்கை 2024-இல் 1.3 லட்சத்துக்கு இறங்கியது. ஆனால் மொத்த வருகை 20.4 லட்சம் என்று உச்சத்தைத் தொட்டது. முதலிடம் மீண்டும் சீனாவுக்கு.

மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. ஐரோப்பியர் வருவது டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரையிலான உலர் மாதங்களில். மே முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களில் அறையை நிரப்பியதில் நம் கோடை விடுமுறைக்குப் பெரிய பங்கு இருந்தது. இந்தியச் சந்தையை நம்பியே ஆள் வைத்து, சமையல்காரர் வைத்துக் கட்டிய இடங்களுக்கு அந்த ஆண்டு கடினமாகத்தான் இருந்திருக்கும். துணை அமைச்சர்கள் எழுதிய பதிவுக்காகக் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் குடும்பம் விலை கொடுத்தது எனக்கு வருத்தம். அதே ஆண்டு அக்டோபரில் மாலத்தீவு அதிபர் முய்சு டெல்லி வந்தார், 2025 ஜூலையில் மோடி மாலே போனார். நிலைமை இப்போது சுமுகம்.

அப்போ லட்சத்தீவையே இன்னொரு மாலத்தீவா ஆக்கிடலாமே?

படத்தில் ஒன்றுபோல் இருக்கும். நிலம் வேறு. லட்சத்தீவின் மொத்த நிலப்பரப்பே சுமார் 32 சதுர கிலோமீட்டர். 36 தீவுகளில் மக்கள் வாழ்வது 10-இல், 2011 கணக்குப்படி 64,000-க்கும் மேற்பட்டோர். சும்மா கிடக்கும் தீவு மாலத்தீவில் நூற்றுக்கணக்கில் உண்டு, இங்கே 26 மட்டும்தான். அகத்தி ஓடுபாதை சிறியது, பெரிய விமானம் இறங்காது. உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். நிர்வாகத்தின் கீழ் இயங்கும் 'ஸ்போர்ட்ஸ்' என்ற சுற்றுலாச் சங்கம் கொச்சியிலிருந்து கப்பல் பேக்கேஜ் நடத்துகிறது, அதன் அளவு சிறிது.

இந்தக் கட்டுப்பாடு இருப்பதால்தான் அந்தக் கடல் அப்படி இருக்கிறது. அங்கே ஐந்தாவது கேள்வியில் சொன்னதுபோல் விமானம் விமானமாக ஆளை இறக்கினால் முதலில் அடிபடுவது குடிநீர். தீவுக்கு அடியில் மழைநீர் ஒரு மெல்லிய அடுக்காகத்தான் நிற்கிறது. நான் அந்த வழியை ஆதரிக்க மாட்டேன்.

பெரிய டூர் கம்பெனியே திவாலாயிடுச்சுன்னா நம்ம பணம் என்ன ஆகும்?

2019 செப்டம்பர் 23 அன்று பிரிட்டனின் தாமஸ் குக் மூடியபோது உலகம் முழுக்க சுமார் 6 லட்சம் பேர் வழியில் நின்றார்கள். 1841-இல் தொடங்கிய நிறுவனம். பிரிட்டனில் பயணிகளுக்கான காப்பு நிதி இருந்ததால் ஒன்றரை லட்சம் பேரை அரசே திரும்பக் கூட்டி வந்தது. அதிகம் அடிபட்டவை பல நாடுகளில் இருந்த ஹோட்டல்கள். விருந்தாளி தங்கிப் போன பிறகு சில வாரம், சில மாதம் கழித்துத்தான் ஆபரேட்டர் ஹோட்டலுக்குப் பணம் அனுப்புவார். அந்தக் கோடைக்கால நிலுவை வராமலே போனது. இந்தியாவில் அதே பெயரில் இயங்கும் நிறுவனம் தனி நிறுவனம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

நம் ஊரில் பிரிட்டனைப் போன்ற காப்பு நிதி இல்லை. அதனால் முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் ரிசார்ட் கொடுத்த உறுதிப்படுத்தல் எண்ணைக் கேட்டு வாங்கி, ரிசார்ட்டுக்கே ஒரு மெயில் போட்டுச் சரிபாருங்கள். என்னிடம் வாங்கினாலும் அப்படிச் செய்யுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பவளமெல்லாம் செத்துப்போச்சாம், தீவே மூழ்கிடுமாம். இப்ப போய் என்னத்தப் பாக்கிறது?

1998, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்தன. 2016-இல் ஆய்வு செய்த இடங்களில் சராசரியாக 60 சதவீதப் பவளம் வெளுத்திருந்தது. வெளுத்ததெல்லாம் சாவதில்லை, நீர் குளிர்ந்தால் ஒரு பகுதி தேறும். ஆனால் இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது. நிலம் கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஒன்றரை மீட்டர் உயரம்தான். 1987-இல் பேரலை வந்து மாலேயில் புகுந்த பிறகு, ஜப்பான் உதவியோடு ஊரைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள்.

கடல் செய்வது ஒரு பக்கம். நாம் கேட்டு வாங்கும் படம் செய்வது இன்னொரு பக்கம். பவளத் தீவின் மணல் ஓரிடத்தில் நிற்காது. ஒரு பருவக்காற்றில் கிழக்குக் கரையில் குவியும், அடுத்ததில் மேற்கே போகும். ஆனால் பேக்கேஜ் படத்தில் வருஷம் பூரா வில்லா வாசலில் வெள்ளை மணல் இருக்கிறது. இல்லையென்றால் புகார், ஆபரேட்டரிடமிருந்து ரிசார்ட்டுக்குக் கடிதம். உடனே ரிசார்ட் கடலடியிலிருந்து மணலை இறைத்துக் கொட்டுகிறது, குறுக்கே கல் அணை போடுகிறது. கலங்கிய மணல் பவளத்தின் மேல் படிந்து மூச்சு முட்ட வைக்கிறது. அலையைத் தடுத்துத் தீவைக் காப்பது அந்தப் பவளப் பார்தான்.

பார்க்க நிறைய இருக்கிறது. கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில் நல்ல ஹவுஸ் ரீஃப், அதாவது பவளப் பார், உள்ள ரிசார்ட்டைக் கேளுங்கள். வாங்குகிறவர்கள் அதைக் கேட்கக் கேட்கத்தான் விற்கிறவர்களும் அதைக் காப்பாற்றச் சொல்லுவார்கள்.

இவ்வளவு பணம் போகுதே, ஊர்க்காரங்களுக்கு என்ன மிஞ்சுது?

பேக்கேஜ் விலையில் விமான நிறுவனத்துக்கும் ஆபரேட்டருக்கும் ஒரு பங்கு, வெளிநாட்டு ஹோட்டல் நிறுவனம் நிர்வகித்தால் அதற்கு ஒரு பங்கு போகிறது. மீனும் தேங்காயும் தவிர உங்கள் தட்டில் இருக்கும் ஏறக்குறைய எல்லாமே இறக்குமதி. தூத்துக்குடியிலிருந்து தோணிகளில் காய்கறியும் கட்டுமானப் பொருளும் மாலேக்குப் போவது நமக்குத் தெரிந்ததே. பதிலுக்கு நம் தென் கரைச் சமையலறைகளுக்கு வந்தது மாசிக் கருவாடு.

அங்கே தங்குவது குத்தகைப் பணம், ஏழாவது கேள்வியில் சொன்ன வரிகள், சம்பளம். பில்லில் போடும் சேவைக் கட்டணத்தை ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஊழியர்களில் பெரும் பகுதி வங்கதேசம், இந்தியா, இலங்கையிலிருந்து போனவர்கள். கெஸ்ட் ஹவுஸில் தங்கினால் பணம் குறைவு, அதில் தீவிலேயே தங்குவது அதிகம். இரண்டு இரவு கெஸ்ட் ஹவுஸ், இரண்டு இரவு ரிசார்ட் என்று பிரித்துப் போவதைத்தான் நான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

சரி, பணம் கட்டறதுக்கு முன்னாடி ஏஜென்ட்கிட்ட என்னென்ன கேக்கணும்?

சொன்ன விலையில் கிரீன் டாக்ஸ், ஜி.எஸ்.டி., சேவைக் கட்டணம், படகு எல்லாம் அடங்குமா என்று கேளுங்கள். இது எந்த மார்க்கெட் விலை, அறை ஏற்கனவே கையில் இருக்கிறதா, கேட்டு வாங்க வேண்டுமா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் உறுதி வரும்வரை விமான டிக்கெட் போட வேண்டாம். ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். டிசம்பர் கடைசி என்றால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துக்குக் கட்டாயக் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள், அது பலரை அதிர வைக்கும் தொகை. நீங்கள் போகும் மாதத்தில் பக்கத்துத் தீவில் கட்டுமானமோ மணல் இறைப்போ நடக்கிறதா என்பதையும் விசாரிக்கச் சொல்லுங்கள். நல்ல ஏஜென்ட் மாலேக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுச் சொல்லுவார்.

விசா முன்கூட்டி வாங்க வேண்டாம். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற அரசு இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும், போகும்போதும் வரும்போதும். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் அது அரசுடையது இல்லை.